கறுப்பினப் பெடியள் ஏன் எப்ப பாத்தாலும் ரேசிசம் பற்றியே போஸ்ற் போடினம்?

ரொறன்ரோவில இருந்து ஒருத்தர் கேட்டது, 5 ஒக்டோபர் 2024

என்ர மகளின்ர வகுப்பில ஜமேக்கா, நைஜீரியாப் பிள்ளையள் கனபேர். மகளும் அவையோட சேர்ந்து இன்ஸ்ரகிராமில ஒரே ரேசிசம் ரேசிசம் எண்டு போடுறாள். நாங்களும் வெறுங்கையோட வந்தனாங்கள்தானே, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டா திரிஞ்சனாங்கள், வாயைப் பொத்திக்கொண்டு ரண்டு வேலை செய்து வீடு வாங்கினம். இந்தப் பிள்ளையள் எதுக்கெடுத்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு நிக்கினம். இதால ஏதும் மாறினதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

5 ஒக்டோபர், இரவு

நான் தென் லண்டனில ஒரு பள்ளிக்கூட நூலகத்தில வேலை செய்யிறன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையள், அரைவாசிக்கு மேல கறுப்பினப் பிள்ளையள், தாய் தகப்பன் கானா, நைஜீரியா, கொங்கோ, சியரா லியோன், இல்லாட்டி அம்மம்மா காலத்தில ஜமேக்காவில இருந்து வந்த குடும்பம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க என்ர மேசைக்குப் பக்கத்துச் சோபாவிலதான் கிடப்பினம். புத்தகம் எடுக்கிறது எப்பவாவது. நான் அங்க ஒரு தளபாடம் மாதிரி, எனக்கு முன்னால எதையும் கதைப்பினம்.

முதல்ல, "எப்ப பாத்தாலும் போடினம்" எண்டதே சரியில்லை. போடுறதை விடப் போடாமல் விடுறதுதான் கூட. போன கிழமை ஒரு பிள்ளை, கானாக் குடும்பம், குறொய்டனில ஒரு கடையில செக்யூரிற்றி பின்னாலயே திரிஞ்சதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள். எழுதி எழுதிப் பக்கத்தில இருந்த சிநேகிதிக்கு வாசிச்சுக் காட்டுறாள். கடையின்ர பேரை எடு எண்டு மற்றவள் சொல்ல எடுக்கிறாள். ரேசிஸ்ற் எண்டு போடாத, ஆராவது வந்து ஆதாரம் கேப்பான் எண்டு சொல்ல அதையும் எடுக்கிறாள். என்ன உடுப்புப் போட்டிருந்தனி எண்டு எழுது, இல்லாட்டி ஹூடி போட்டதாலதான் எண்டுவினம் எண்டு மற்றவள் சொல்ல, அதை நான் ஏன் எழுதவேணும் எண்டு ஒரு குட்டிச் சண்டை. கடைசியில மிஞ்சினது ஒரு வரியும் கண்ணை உருட்டுற எமோஜியும். அதையும் எல்லாருக்கும் போடேல்லை. குளோஸ் ஃபிரென்ட்ஸ் எண்டு ஒரு பச்சை வட்டம் வருமே, அதுக்குள்ள, தன்ர ஆக்களுக்கு மட்டும்.

உங்கட மகள் எல்லாருக்கும் தெரியப் போடுறாள் எண்டால், அவளின்ர கறுப்பினச் சிநேகிதப் பிள்ளையள் அந்த அளவுக்குப் போடினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

6 ஒக்டோபர்

"வாயைப் பொத்திக்கொண்டு" எண்டதைப் பற்றி யோசிச்சுக்கொண்டு பஸ்ஸில போனனான்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்த ஆக்கள் கறுப்பின ஆக்களிலயும் இருந்தவை. 1948 யூன் 22 அன்று கரீபியன் பக்கத்தில இருந்து விண்ட்ரஷ் கப்பலில வந்து இங்கிலாந்தின்ர ரில்பரித் துறைமுகத்தில இறங்கினவை, அதுக்குப் பிறகு வந்தவை, பஸ் ஓட்டினவை, ஆஸ்பத்திரியில வேலை செய்தவை, அவை என்ன ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டா திரிஞ்சவை? சட்டப்படி வந்த ஆக்கள், ஒரு பேப்பரும் கேக்காமல் விட்ட காலம். 2018ல பாத்தால் அந்தக் குடும்பங்களில சின்ன வயதில வந்த ஆக்களிட்ட நீ இந்த நாட்டு ஆள் எண்டதுக்கு ஆதாரம் காட்டு எண்டு வேலையைப் பறிச்சு, புற்றுநோய் வைத்தியத்துக்குக் காசு கேட்டு, சில பேரை நாடு கடத்தியும் விட்டவை. வந்து இறங்கின நேரம் நிரப்பின கார்ட்டுகளை 2010ல உள்துறை அமைச்சே அழிச்சுப் போட்டுது. கடைசியில உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினவ, ஆனால் போன வேலையும் வீடும் அப்பிடித் திரும்பி வந்ததோ?

இந்தக் கதை வீட்டில கேட்டு வளந்த பேரப்பிள்ளையள்தான் இப்ப எல்லாத்தையும் ஸ்கிறீன்ஷொட் எடுத்து வச்சிருக்கினம். போடுறதுக்கெண்டு இல்லை, வச்சிருக்கிறதுக்கு. ஒரு ஜமேக்காப் பெடியன் போனில தனி ஃபோல்டரே வச்சிருக்கிறான், ரீச்சர் அனுப்பின ஈமெயில், ஃபுட்போல் குறூப்பில ஒருத்தன் எழுதினது, பொலிஸ் மறிச்சுச் சோதிச்சால் தாற துண்டு, எல்லாம் திகதியோட. எங்கட ஆக்களும் அசைலம் ஃபைலை இண்டைக்கும் அலுமாரியில பூட்டி வச்சிருக்கினம்தானே, சிற்றிசன் கிடைச்சு இருவது வருசத்துக்குப் பிறகும். அது பேப்பர், இது போன்.

9 ஒக்டோபர்

"இதால ஏதும் மாறினதோ" எண்டு மூண்டு பேர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறியள்.

2020 மே 25, மினியாப்பொலிஸ். ஒரு பொலிஸ்காரன் கழுத்தில முழங்காலை வச்சு அமத்தி ஜோர்ஜ் ஃபுளொய்ட் எண்ட கறுப்பின மனிசன் செத்த உடன, பொலிஸ் விட்ட அறிக்கையில அது ஒரு "மருத்துவச் சம்பவம்". அதோட முடிஞ்சிருக்கும். கடைக்குப் போன 17 வயதுப் பிள்ளை, டார்னெல்லா ஃபிரேசியர், நிண்ட இடத்திலயே எடுத்த வீடியோவை இரவு ஃபேஸ்புக்கில போட்டதாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. அடுத்த வருசம் புலிற்சர் பத்திரிகை விருதுக் குழு அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பாராட்டுக் குடுத்தது. அந்தப் பொலிஸ்காரன் மறியலுக்குப் போனதுக்கு அந்த வீடியோ முக்கியமான சாட்சி. இது மாற்றம் இல்லையெண்டால் வேற என்ன எண்டு எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு சரியா நித்திரை கொள்ளேல்லை எண்டு தானே எழுதியிருந்தவள். எடுத்த ஆளுக்கும் ஒரு விலை இருக்கு. எங்கட நூலகத்துப் பிள்ளையள் இப்ப அப்பிடி வீடியோ வந்தால் பாக்காமலே தள்ளி விடினம். "மிஸ், எங்களுக்குத் தெரியும் அதில என்ன நடக்கும் எண்டு."

லண்டனிலயும் அந்தக் கோடை கொதிச்சது. விக்ரோறியா ஸ்ரேசனில வேலை செய்த பெலி முஜிங்கா, கொங்கோவில பிறந்த மனிசி, கோவிட்டில செத்தவ. அதுக்குச் சில நாளுக்கு முதல் ஒருத்தன் அவவுக்கு மேல துப்பினான் எண்டு கூட வேலை செய்தவை சொன்னவை. அவவுக்காகப் போட்ட பெட்டிசனில 10 லட்சத்துக்கும் மேல கையெழுத்து, அதைக் கொண்டு திரிஞ்சதெல்லாம் ஸ்னப்சற்றும் இன்ஸ்ரகிராமும். கேஸைத் திரும்பப் பாத்தவை, ஒருத்தரையும் குற்றம் சாட்டேல்லை. அதுவும் நடந்தது. ரண்டையும் சொல்லத்தான் வேணும்.

9 ஒக்டோபர், கொஞ்சம் பிந்தி

கறுப்புச் சதுரத்தை மறந்திட்டன். 2020 யூன் 2, உலகம் முழுக்கக் கறுப்புப் படம் போட்டவை, எங்கட வெள்ளவத்தைச் சொந்தக்காரர் வரைக்கும். போட்டவை பிளக் லைவ்ஸ் மற்றர் எண்ட ஹாஷ்ரக்கையும் சேர்த்துப் போட, அந்த ஹாஷ்ரக்கில எங்க ஊர்வலம், பிடிபட்டால் எந்த லோயர் எண்டு தேடின ஆக்களுக்கு வந்தது முழுக்கக் கறுப்புக் கட்டம். ஆதரவு குடுக்க வந்த சனம் வழியை அடைச்சுக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகுதான் கன பிள்ளையள் பொது ஹாஷ்ரக்கை விட்டிட்டுக் குறூப்புகளுக்குள்ள போனது எண்டு நான் நினைக்கிறன்.

14 ஒக்டோபர்

"ஒரே அழுகைதான்" எண்டு எழுதின அண்ணைக்கு. நீங்கள் அவையின்ர பகிடியைப் பாக்கேல்லை.

2023 ஓகஸ்ட் 5, அலபாமாவில மொன்ற்கொமரி ஆத்தங்கரை. பெரிய கப்பல் வந்து கட்ட வேண்டிய இடத்தில ஒரு வெள்ளைக் கூட்டம் தங்கட போட்டை நிப்பாட்டி வச்சிருக்கு. எடுங்கோ எண்டு சொல்லப் போன கறுப்பின உதவிக் கப்டனைப் போட்டு அடிக்கினம். கப்பலில நிண்ட ஒரு 16 வயதுப் பெடியன் தண்ணியில குதிச்சு நீந்தி வாறான். இன்னொருத்தர் வெள்ளை மடக்குக் கதிரையைத் தூக்கிச் சுழட்டுறார். அவ்வளவுதான். அடுத்த நாள் மடக்குக் கதிரைத் தோடு, மடக்குக் கதிரை ரற்று, நீந்தின பெடியனுக்குப் பட்டப்பேர், பழைய சரித்திரப் படங்களில கதிரையை வச்சு ஒட்டினது. அத்லான்ராவில ஒருத்தன் போட, லாகோஸில ஒருத்தன் அதுக்கு மேல போட, பிரிக்ஸ்டனில ஒருத்தி அதுக்கு மேல. அந்த ஆத்தங்கரையிலதான் ஒரு காலத்தில அடிமையளைக் கொண்டந்து இறக்கினவை. பகிடி விட்ட ஆக்களுக்கு அது தெரியும், தெரிஞ்சபடியால்தான் அந்தச் சிரிப்பு.

எங்கட சோபாவிலயும் ஒரு வருசத்துக்குப் பிறகும் ஆராவது ரீச்சரில கோவம் எண்டால் "கதிரையை எடு" எண்டுதான்.

15 ஒக்டோபர்

கீழ ஒருத்தர் மடக்குக் கதிரையைக் கண்டுபிடிச்சதே ஒரு கறுப்பினத்தவர் எண்டு எழுதியிருக்கிறார், அந்த நேரம் சுத்தின மீமில வந்தது. அரைவாசிதான் சரி. நத்தானியல் அலெக்சாண்டர் எண்டவர் 1911ல ஒரு மடக்குக் கதிரைக்குக் காப்புரிமை எடுத்தவர், பின்னால இருக்கிற ஆள் புத்தகம் வைக்கிற தட்டோட, தேவாலயப் பாடகர் குழுவுக்கு வசதியா. மடக்குக் கதிரை அதுக்கு முதலும் இருந்தது, எகிப்துக் கல்லறையிலயே இருந்தது. இதையும் எனக்குச் சொன்னது நூலகத்துப் பிள்ளையள்தான். தங்கட பக்கத்து மீமைத் தாங்களே பிடிச்சுத் திருத்துவினம், வெளி ஆள் திருத்த வந்தால் மட்டும் கதிரை வரும்.

19 ஒக்டோபர்

தங்கைச்சி, நீங்கள் ரிக்ரொக்கில ஏன் உள்ளங்கையைக் காட்டினம் எண்டு கேட்டிருந்தியள். உள்ளங்கை வெளிறினது, அதால வெள்ளை ஆக்கள் எண்டு அர்த்தம். வாயால சொன்னால், எழுதினால், வீடியோவைத் தூக்கிப் போடுவினம் எண்ட பயம். எழுதேக்க "வை ரீ" எண்டு ரண்டே எழுத்துப் போடுறதும் அதுக்குத்தான், சேர்த்துச் சொன்னால் வெள்ளையர் எண்ட ஆங்கிலச் சொல் மாதிரிக் கேக்கும்.

பயம் சும்மா இல்லை. 2021 யூலையில ஒரு கறுப்பினப் படைப்பாளி ரிக்ரொக்கின்ர கிறியேற்றர் மார்க்கற்பிளேஸில, விளம்பரக் கொம்பனியள் படைப்பாளியளைத் தேடுற இடத்தில, தன்ர அறிமுகத்தில "கறுப்பின மக்களின் வெற்றி" எண்ட மாதிரி ஆங்கிலத்தில அடிச்சுப் பாக்கிறார், பொருத்தமில்லாத சொல் எண்டு வருது. வெள்ளை மேலாதிக்கத்துக்கு ஆதரவு எண்டு அடிக்க, ஒண்டும் வரேல்லை. கொம்பனி பிறகு மன்னிப்புக் கேட்டது, சொற்களைச் சேர்த்துப் பாக்கிற மெசினின்ர பிழையாம். 2019ல வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்காரரும் ஒண்டு கண்டுபிடிச்சவை: கெட்ட பேச்சைப் பிடிக்கிற மென்பொருள், கறுப்பின அமெரிக்கர் கதைக்கிற மாதிரி எழுதின ருவீற்றுகளை மற்றதுகளை விட ரண்டு மடங்கு வரைக்கும் கூடுதலா மோசமானது எண்டு குறிக்குது. அதாவது ஏசின ஆளை விட, என்னை ஏசினான் எண்டு தன்ர பாசையில சொன்ன ஆள்தான் முதல் மாட்டுப்படுறது.

அப்ப அவை என்ன செய்வினம், புதுச் சொல்லுக் கண்டுபிடிப்பினம். அது ஆறு மாசம் ஓடும். பிறகு எல்லாரும் அதைப் பாவிக்கத் தொடங்க, சலிச்சுப் போய் விட்டிடுவினம்.

20 ஒக்டோபர்

கணக்குத் தொடங்க அடையாள அட்டை கேட்டால் இந்த வசவெல்லாம் அடங்கும் எண்டவருக்கு: 2021 யூலை 11, யூரோ கால்பந்து இறுதி ஆட்டம். இங்கிலாந்தின்ர கறுப்பின ஆட்டக்காரர் ரஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூண்டு பேரும் பெனால்ரியைத் தவற விட்டவுடன இன்ஸ்ரகிராம் முழுக்கக் குரங்கு எமோஜி. ருவிற்றர் பிறகு பாத்துச் சொன்னது, நிரந்தரமாத் தடை செய்த கணக்குகளில 99 வீதம் ஆர் எண்டு அடையாளம் காணக்கூடிய ஆக்கள்தான். அடையாள அட்டை கேட்டிருந்தாலும் பெரிசா மாறியிருக்காது.

இப்ப சோபாவில இருக்கிற பிள்ளையளுக்கு அப்ப பதின்மூண்டு, பதினாலு வயது. கன பேருக்கு முதல் போன் வந்த வருசம். சாகாவுக்கே 19தான். அந்தக் கடைசிப் பெனால்ரியைத் தவற விட்டவுடனயே அடுத்து என்ன வரப்போகுது எண்டு தனக்குத் தெரியும் எண்டு சாகா பிறகு எழுதினார். பிள்ளையளும் அப்பிடித்தான் சொல்லினம், தோத்த கவலையே வரேல்லையாம், உடன போனைக் கவிட்டு வச்சவையாம். இந்த வருசம் சுவிஸோட சாகா திரும்பப் பெனால்ரி அடிச்சு உள்ள போக, அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லாமலே அவையின்ர குறூப்பில நூற்றுக்கணக்கில மெசேஜ் எண்டு ஒரு பெடியன் காட்டினவன். அரைவாசி அழுற முகம்.

22 ஒக்டோபர்

இண்டைக்கு மத்தியானம் நூலகம் ஒரு மாதிரி இருந்தது. நேற்று கிறிஸ் காபா கேஸ் தீர்ப்பு. 2022 செப்ரெம்பர் 5 இரவு ஸ்ரெதம் ஹில்லில காருக்குள்ள இருந்த 24 வயதுப் பெடியனைப் பொலிஸ் சுட்டது, ஆயுதம் ஒண்டும் இருக்கேல்லை. அந்த அதிகாரி குற்றவாளி இல்லை எண்டு ஓல்ட் பெய்லியில ஜூரி சொல்லிட்டுது. தீர்ப்புக்குப் பிறகுதான் பத்திரிகையளுக்கு எழுத அனுமதி: அதுக்குச் சில நாளுக்கு முதல் ஹக்னியில ஒரு கிளப்பில நடந்த சூட்டில காபாதான் சுட்டவர் எண்டு பொலிஸ் தரப்பு சொல்லுது. உடன எக்ஸில ஒரு பக்கம் முழுக்க "பாத்தியளோ, நல்ல பெடியன் எண்டியள்" எண்டு கொண்டாட்டம்.

பிள்ளையளுக்குள்ள நடந்த கதை வேற. ஒருத்தி சொல்லுறாள், சுடேக்க காருக்குள்ள ஆர் இருக்கிறது எண்டே பொலிஸுக்குத் தெரியாது, பேந்து தெரிஞ்சதை வச்சு எப்பிடி நியாயம் சொல்லுறது எண்டு. கொங்கோப் பெடியன் ஒருத்தன், எப்பவும் பகிடி விடுறவன், இண்டைக்குப் பகிடி இல்லை: "எங்கட ஏரியாவில அந்த மாதிரி ஆக்களால செத்ததும் கறுப்புப் பெடியள்தான், அதை ஏன் ஒருத்தரும் சொல்லினமில்லை?" மூண்டாவது பிள்ளை, ரண்டும் உண்மையா இருக்கலாம்தானே எண்டு. ஒருத்தி எழும்பிப் போயிட்டாள். நல்ல சண்டை, மரியாதையான சண்டை, பாராளுமன்றத்தில கூட நான் அப்பிடிக் கேக்கேல்லை.

இதில ஒரு வரி வெளியில போடேல்லை. ஏன் எண்டு கேட்டன். அந்தக் கொங்கோப் பெடியன் சொன்னவன், "மிஸ், நான் உள்ளுக்கு இதைச் சொன்னால் அது கவலை. வெளியில போட்டால் அவங்கள் ஸ்கிறீன்ஷொட் எடுத்து, பார் கறுப்பனே சொல்லுறான் எண்டு போடுவாங்கள்."

பதினேழு வயதில இந்தக் கணக்குப் போட வேண்டிக் கிடக்கு.

23 ஒக்டோபர்

மேல எழுதினதைத் திரும்ப வாசிச்சன். இந்த வருசம் ஓகஸ்டில இங்கிலாந்தில நடந்த கலவர நேரத்தையும் சொல்லியிருக்கலாம். சவுத்போர்ட்டில மூண்டு பிள்ளையளைக் கொலை செய்தது ஒரு அகதி எண்டு பொய்யைப் பரப்பி ஊர் ஊரா எரிச்ச நேரம், எங்க எங்க வரப்போகினம் எண்டு ஒரு லிஸ்ற் வட்ஸ்அப்பில வந்ததே, எங்கட தமிழ்க் குறூப்புகளிலயும் வந்தது, கடையை வெள்ளனப் பூட்டுங்கோ எண்டு. பிள்ளையளின்ர குறூப்பிலயும் அதே லிஸ்ற்தான். அங்க அதுக்குக் கீழ ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு வீட்டை போறது, எந்த பஸ்ஸை விடுறது, பள்ளிவாசலுக்குப் போற சிநேகிதன்ர தாயை ஆர் பாக்கிறது எண்டு கதை. ஓகஸ்ட் 7 வோல்தம்ஸ்ரோவில ஆயிரக்கணக்கில சனம் எதிர்த்து நிண்டது, வர வேண்டிய கூட்டம் வரேல்லை. அண்டு இரவுதான் எல்லாரும் பப்ளிக்கா வீடியோ போட்டவை.

27 ஒக்டோபர்

பாரிஸ் லா சப்பலில இருந்து ஒரு தம்பி, பிரான்சில உப்பிடி ஒண்டும் இல்லை எண்டு எழுதியிருக்கிறார். தம்பி, அங்க அரசாங்கக் கணக்கெடுப்பில இனம், நிறம் எண்டு கேக்கிறதில்லை, அதால இல்லாத மாதிரி இருக்கும். அடாமா திராவோரே எண்ட கறுப்பினப் பெடியன் 2016ல ஜென்டாமறி எண்ட பொலிஸ் படை பிடிச்சுக்கொண்டு போய் செத்தவர், தன்ர 24வது பிறந்தநாள் அண்டு. 2020 யூன் 2ல பாரிஸ் நீதிமன்றத்துக்கு முன்னால தடையை மீறி இருபதாயிரம் பேரளவில கூடினது இளம் பிள்ளையள் போனால கூப்பிட்டுத்தான். அயா நகமுறா, மாலியில பிறந்த பாட்டுக்காரி, ஒலிம்பிக்கில பாடப்போறா எண்டு கதை வந்தவுடன இது பாரிஸ், பமாக்கோச் சந்தை இல்லை எண்டு பனர் பிடிச்சவை. நீங்கள் ரேசிஸ்றா இருக்கலாம், செவிடா இருக்கேலாது எண்ட மாதிரி அவ எக்ஸில ஒரு வரி விட்டா. யூலையில குடியரசுக் காவல்படை வாத்தியக்காரரோடயே நிண்டு பாடினா. எங்கட பிள்ளையள் அதை எத்தினை தரம் போட்டுப் பாத்தவை எண்டு கேக்காதேங்கோ.

3 நவம்பர்

கெமி பாடெனொக் நேற்று பிரித்தானியாவின்ர கொன்சர்வேற்றிவ் கட்சித் தலைவியா வந்திட்டா. இஞ்ச பெரிய கட்சி ஒண்டுக்கு முதல் கறுப்பினத் தலைவர், நைஜீரியத் தாய் தகப்பன். நூலகத்து நைஜீரியப் பிள்ளையளின்ர வீட்டில தாய்மாருக்குப் புழுகம், பிள்ளையளுக்கு இல்லை. நாளைக்கு என்ன சண்டை எண்டு பாப்பம்.

எல்லாக் கறுப்பினத்தவரும் ஒண்டு எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இது நல்ல பாடம். இவைக்குள்ள டயஸ்போரா வோர்ஸ், புலம்பெயர்ந்தவைக்குள்ள வாற சண்டை, எண்டு ஒண்டு ஓயாமல் நடக்கும். கானா ஜொலொஃப் சோறா நைஜீரியா ஜொலொஃப் சோறா எண்டதில தொடங்கும், அது பகிடி. பிறகு பகிடி இல்லாமல் போகும். லண்டனில நைஜீரியத் தாய் தகப்பனுக்குப் பிறந்த நடிகை சிந்தியா எரிவோவை, அமெரிக்க அடிமையளைத் தப்ப வச்ச ஹாரியட் டப்மனா நடிக்க எடுத்தவுடன அமெரிக்காவில கன பேர், எங்கட அடிமைச் சரித்திரத்தில எங்கட பிள்ளைக்கு இடமில்லையோ எண்டு கேட்டவை. இஞ்ச இருக்கிற பிள்ளையளுக்கு அது நொந்தது. பேந்து ஒருத்தருக்கு ஒருத்தர் எழுதினதுகளை வெளி ஆள் எழுதியிருந்தால் ரிப்போர்ட் பண்ணியிருப்பினம்.

எங்களுக்கு இது புதுசோ? வன்னி, யாழ்ப்பாணம், மலையகம், கொழும்பு, இந்தியா எண்டு நாங்கள் அடிபடாத அடியோ.

4 நவம்பர்

சண்டை நடக்கேல்லை. சோதனை இருக்காம், எல்லாரும் படிக்கினம். அதிசயம்.

5 நவம்பர்

ஒருத்தர் தனி மெசேஜில, "அக்கா நீங்கள் அவைக்கு வக்காலத்தோ" எண்டு. எங்கட வீடுகளில இந்தப் பிள்ளையளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறம் எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இஞ்ச எழுதமாட்டன். எங்கட பிள்ளையள் அதைக் கேட்டுக்கொண்டுதான் அவையோட பள்ளிக்கூடம் போகினம். நூலகத்தில ஒரு தமிழ்ப் பிள்ளை அம்மாவோட போன் கதைக்கேக்க ஸ்பீக்கரில அந்தச் சொல் வந்திட்டுது. பக்கத்தில இருந்த கானாப் பிள்ளை என்ன அர்த்தம் எண்டு கேக்கேல்லை. அவளுக்கு விளங்கிட்டுது.

9 நவம்பர்

அமெரிக்கத் தேர்தலுக்கு அடுத்த நாளில இருந்து அங்க கறுப்பின ஆக்களின்ர போனுக்கு ஒரு ரெக்ஸ்ற் வருது, பருத்தி பிடுங்கத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறாய், தோட்டத்துக்கு வா எண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் வந்திருக்கு, எஃப்பிஐயும் தங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லியிருக்கு. சோபாவில ஒருத்தியின்ர மச்சாளுக்கு, அத்லான்ராப் பக்கம், நேரடியா வந்திருக்கு.

ஸ்கிறீன்ஷொட்டைப் பகிர்றதோ விடுறதோ எண்டு பெரிய விவாதம். பகிர்ந்தால் அனுப்பினவனுக்குக் காசில்லாமல் விளம்பரம், அவனால போகேலாத போனுக்கும் நாங்களே கொண்டு போய்க் குடுக்கிறம் எண்டு ஒரு பக்கம். பகிராட்டி நாளைக்குப் பள்ளிக்கூடம் அப்பிடி ஒண்டு நடக்கேல்லை எண்டும் எண்டு மற்றப் பக்கம். ஃபோல்டர் வச்சிருக்கிற ஜமேக்காப் பெடியன், எடுத்து வை, போடாத எண்டான். மச்சாள்காரி ஏற்கெனவே போட்டிட்டாள், பேரை மட்டும் மறைச்சு. நான் ஆரின்ர பக்கம் எண்டு கேட்டவை. முதல் நாள் ஒண்டு சொன்னன், அடுத்த நாள் வேற சொன்னன்.

12 நவம்பர்

எக்ஸை விட்டிட்டு புளூஸ்கைக்குப் போகினமாம், அங்க என்ன வித்தியாசம் எண்டு கேட்டவருக்கு. அங்க பிளக்ஸ்கை எண்டு ஒண்டு இருக்கு, ரூடி ஃபிரேசர் எண்டவர் தொடங்கினது, கறுப்பின ஆக்கள் எழுதுறதை மட்டும் சேர்த்துக் காட்டும், வசவு எழுத வாறவையைத் தாங்களே பிடிச்சு விலத்தி வைப்பினம். எங்கட பிள்ளையள் ஒருத்தரும் போகேல்லை. கேட்டன். "மிஸ், அங்க எல்லாம் முப்பது வயதுக்காரர்."